டீன் என்பவர் பத்தில் ஒருவர்

கேள்வி கேட்ட தம்பி நான்கு செய்திகளை ஒரே மூச்சில் அடுக்கியிருக்கிறார். அக்காவுக்குப் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கிருந்து வந்த தமிழ்க் கடிதத்தில் கையொப்பத்தின் கீழ் ‘பீடாதிபதி’ என்று இருக்கிறது. பேராதனையில் படிக்கும் மச்சான், “பீடாதிபதி என்றால் டீன்” என்கிறார். போப் பிரான்சிசின் அடக்கத் திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அதை நடத்திய வயதான கர்தினாலையும் டீன் என்றே சொன்னார்கள். போதாததற்கு, ஊர்ப் பங்குத்தந்தை பக்கத்துப் பங்குகள் சிலவற்றுக்கும் பொறுப்பான மறைக்கோட்ட முதல்வராக நியமனம் பெற்றதும் கோயில் சபைத் தலைவர் “நம்ம சுவாமி இப்போது டீன்” என்று அறிவித்துவிட்டார். இவர்கள் எல்லாரும் ஒரே பதவியா, இவர்களில் யார் பெரியவர், அக்கா ஆங்கிலத்தில் பதில் எழுதும்போது ‘டீன்’ என்று போடலாமா என்பவை தம்பியின் கேள்விகள். இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது என்று நினைக்கிறேன். பூசை வைக்கிறவருக்கும் விஞ்ஞானம் படிப்பிக்கிறவருக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது என்பதுதான் அது. அதிலிருந்து தொடங்கினால் மற்றவற்றுக்கு வழி கிடைத்துவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். குருவாக வேண்டும் என்று அம்பிட்டிய குருமடத்தில் சேர்ந்து, சில ஆண்டுகள் தத்துவமும் இலத்தீனும் படித்து, அழைத்தல் வேறு என்று தெரிந்து வெளியே வந்தவன். அதற்குப் பிறகு இருபத்தேழு ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்தேன். சுற்றறிக்கை, சட்டப் பிரிவு, பட்டமளிப்பு விழா அழைப்பிதழ் என்று பதவிப் பெயர்களோடு மல்லுக்கட்டியே காலம் போயிற்று. திருச்சபைச் சட்டத்தில் பட்டம் பெற்றவன் அல்லன். சொற்பிறப்பியல் ஆய்வாளனும் அல்லன். என் இலத்தீன் துருப்பிடித்த கவ்வாத்துக் கத்தி மாதிரி. வெட்டும், ஆனால் அதை வைத்துச் சவரம் செய்ய நினைக்கக்கூடாது.

டீன் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு மூலம் ‘தெக்கானுஸ்’ என்ற இலத்தீன் சொல். இலத்தீனில் ‘தெக்கெம்’ என்றால் பத்து. தெக்கானுஸ் என்றால் பத்துப் பேருக்குப் பொறுப்பானவன். இதில் ஐயத்துக்கு இடமில்லை. இந்தப் பத்தும் நமக்கு அந்நியமானதல்ல. வடமொழியின் ‘தச’ இதே குடும்பத்துச் சொல். தசமி, தசாவதாரம் என்று நாம் நாளும் சொல்லுகிற அதே தச.

இந்தப் பத்து முதலில் கோயிலிலும் இல்லை, பள்ளியிலும் இல்லை, பட்டாளத்தில் இருந்தது. உரோமப் படையில் ஒரு கூடாரத்தில் சேர்ந்து தூங்கி, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் சிறு கூட்டம் ஒன்று உண்டு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த வெகேத்தியுஸ் என்ற படைநூல் ஆசிரியர், அப்படிப்பட்ட பத்துப் பேருக்குப் பொறுப்பாக இருந்தவரைத் தெக்கானுஸ் என்று எழுதுகிறார். அதற்கு முந்திய ஆதாரங்கள் கூடாரத்துக்கு எட்டுப் பேர் என்கின்றன. ஆகவே ‘எப்போதும் சரியாகப் பத்து’ என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று உறுதி. அந்தத் தெக்கானுஸ் குதிரைமேல் இருந்து கட்டளையிட்ட தளபதி அல்லன். அதே கூடாரத்தில் படுத்து எழுந்த சிப்பாய். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இதைப் படம் வரைந்து காட்டத் தேவையில்லை. பத்துக் காம்பராவில் ஒரு காம்பராக்காரர் கொஞ்சம் முன்னால் நின்று பேசுவாரே, அவர்தான். (அறையைக் குறிக்கும் காம்பரா என்ற நம் சொல்லும் போர்த்துக்கீசர் வழியாக வந்த இலத்தீன் சொல்தான். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.)

பட்டாளத்திலிருந்து மடத்துக்கு இந்தச் சொல் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 384ஆம் ஆண்டில் புனித ஜெரோம் ஒரு கடிதத்தில், எகிப்து நாட்டுத் துறவிகள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்று விவரிக்கிறார். அவர்கள் பத்துப் பத்தாகவும் நூறு நூறாகவும் பிரிந்திருக்கிறார்கள். ஒன்பது பேருக்குப் பத்தாமவர் தலைவர். இந்தக் கணக்கைக் கவனியுங்கள். பத்துப் பேருக்கு மேலே பதினோராவதாக ஒருவரை வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கவில்லை. பத்தாமவர் அந்தப் பத்துக்குள்ளேயே இருக்கிறார். டீன் என்ற பதவியின் குணம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் இருக்கிறது. பிற்காலத்தில் எத்தனை அங்கி போர்த்தினாலும் அந்தக் குணம் மாறவில்லை என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது.

அதே ஜெரோம் வேதாகமத்தை இலத்தீனில் ஆக்கியபோது, யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரத்தில் இந்தச் சொல்லைப் போட்டார். மோசே காலையிலிருந்து மாலைவரை தனியொருவராக வழக்குக் கேட்டுக் களைத்துப்போவதைப் பார்த்த அவருடைய மாமனார், ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று பொறுப்பாளர்களை வைக்கும்படி புத்தி சொல்லும் இடம் அது. கடைசியில் வரும் ‘பத்துப் பேருக்கு’ என்ற இடத்தில் இலத்தீன் வேதாகமத்தில் நிற்பது தெக்கானுஸ். பழைய தமிழ் வேதாகமத்தில் அங்கே நிற்பது ‘அதிபதி’. பீடாதிபதிக்குள் இருக்கும் அதே அதிபதி. இது தற்செயல்தான், ஆனாலும் அழகான தற்செயல். இதை வைத்துக்கொண்டு “டீன் பதவியைத் தொடங்கிவைத்தவர் மோசே” என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அது பிழை. ஜெரோமின் கைக்கு வரும்போதே அந்தச் சொல் பட்டாளத்திலும் மடத்திலும் புழங்கிக்கொண்டிருந்தது. இருந்த சொல்லை அவர் எடுத்துப் பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

பிறகு ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கில் இருபத்தோராம் அதிகாரம் முழுவதும் டீன்களைப் பற்றியது. மடம் பெரிதாக இருந்தால் நற்பெயருள்ள சகோதரர்களைத் தெரிந்து டீன்களாக வையுங்கள், மூப்பு வரிசையைப் பார்க்காதீர்கள், வாழ்க்கையையும் ஞானத்தையும் பாருங்கள் என்கிறார். டீனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டால் ஒருமுறை, இருமுறை, மும்முறை கண்டித்துப் பார்த்து, திருந்தாவிட்டால் இறக்கிவிட்டு வேறொருவரை வைக்கச் சொல்கிறார். அறுபத்தைந்தாம் அதிகாரத்தில் இன்னும் சுவையான இடம் வருகிறது. மடாதிபதிக்கு அடுத்தபடியாக ஒரே ஆளை வைப்பதில் பெனடிக்டுக்குப் பயம். அந்த ஆள் தன்னை இரண்டாவது மடாதிபதி என்று நினைத்துக்கொள்வான், மடம் இரண்டாகும் என்கிறார். பல டீன்களிடம் பொறுப்பைப் பங்கிட்டால் ஒருவனும் தலைதூக்கமாட்டான் என்பது அவருடைய யோசனை. ஆக, பெனடிக்டின் மடத்தில் டீன் பதவி இருந்ததே அதிகாரத்தைக் கூறுபோடத்தான்.

இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை என்று நினைக்கவேண்டாம். பெனடிக்ட் சபையின் சில்வெஸ்திரன் கிளைத் துறவிகள் 1845இலேயே இலங்கைக்கு வந்தவர்கள். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியை 1854இல் தொடங்கியவர்கள் பெனடிக்டைன் துறவிகள். கண்டியின் முதல் ஆயர் கிளெமென்ட் பஞ்ஞானி சில்வெஸ்திரன். அம்பிட்டியவில் மொந்தே பானோ மடம் இன்றும் இருக்கிறது. நான் குருமடத்தில் இருந்த காலத்தில் மாலை நடையாக அந்தப் பக்கம் போவதுண்டு. மழை விட்ட நேரத்தில் யூக்கலிப்டஸ் மணத்தோடு மணிச்சத்தம் கேட்கும். அங்கே இருந்த வயதான துறவி ஒருவர்தான் எனக்கு அந்த அறுபத்தைந்தாம் அதிகாரத்தை முதலில் எடுத்துக் காட்டியவர். “உங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணியை பெனடிக்ட் பார்த்திருந்தால் இதை இன்னும் கடுமையாக எழுதியிருப்பார்” என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. என் தாத்தா சில்லறைக் கங்காணி. பெரிய கங்காணிக்கும் அவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பெரிய கங்காணி இந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, கடனைக் கையில் வைத்துக்கொண்டு, தலைக்காசு வாங்கியவர். சில்லறைக் கங்காணி பெரும்பாலும் தன் சொந்தபந்தங்கள் அடங்கிய சிறு கூட்டத்துக்கு முன்னால் நின்றவர். லயத்தில் அவர்களோடுதான் குடியிருப்பு. விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டில் தாத்தா ஆட்களை எண்ணும்போது கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டுத் தன்னையும் சேர்த்து எண்ணுவாராம். பாட்டி அதை நடித்துக் காட்டுவார். ஒன்பதை எண்ணிவிட்டுப் பத்தாவதாகத் தன்னை எண்ணும் அந்தக் கைதான் தெக்கானுஸின் கை. ஒப்புமையை அதற்குமேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை. கங்காணி முறையின் அடியில் கடனும் அடிமைத்தனமும் இருந்தன. தாத்தாவும் அந்த இயந்திரத்தின் ஒரு பல்சக்கரம்தான். பேரன் என்பதற்காக அதை மறைக்கமாட்டேன்.

மடத்திலிருந்து பேராலயத்துக்கு வருவோம். பேராலயங்களில் ஆயருக்குத் துணையாகக் குருக்கள் கூட்டம் ஒன்று இருந்தது. அந்தக் கூட்டத்தின் தலைவருக்கு டீன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் நோர்மானியர் ஆண்ட இங்கிலாந்தில், சோல்ஸ்பரி, லிங்கன், யோர்க் போன்ற பேராலயங்களில் இந்த அமைப்பு நிலைபெற்றுவிட்டது. பத்து என்ற கணக்கு அதற்குள் காணாமல் போயிற்று. முப்பது குருக்கள் இருந்தாலும் தலைவர் டீன்தான். அங்கிலிக்கன் சபையில் இன்றும் பேராலயத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் டீன். ஆயர் மறைமாவட்டம் முழுவதற்கும் மேய்ப்பர். பேராலயத்தின் அன்றாடக் காரியங்கள் டீனின் கையில். ஆங்கிலக் கவிஞர் ஜோன் டன் இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் டீனாக 1621 முதல் 1631 வரை இருந்தார். ஜோனதன் சுவிஃப்ட் டப்ளினில் 1713 முதல் 1745 வரை டீன்.

இந்த இடத்தில்தான் நான் ஒருமுறை வசமாக மாட்டினேன். ஒரு விழா அழைப்பிதழைத் தமிழாக்கித் தரச் சொன்னார்கள். அதில் பேராலய டீன் ஒருவரின் பெயர் இருந்தது. பல்கலைக்கழகக் கடிதங்கள் மொழிபெயர்த்த பழக்கத்தில் யோசிக்காமல் ‘பேராலயப் பீடாதிபதி’ என்று போட்டுவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் ஒரு குருவானவர் பார்த்தார். “பீடத்துக்கு அதிபதி ஆண்டவர் ஒருவர்தானே தம்பி, இவர் எப்போது அந்தப் பதவிக்கு வந்தார்?” என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. கோயிலில் பீடம் என்றால் பலிபீடம். பீடச் சிறுவர்கள், பீட அலங்காரம் என்று பிறந்ததிலிருந்து கேட்ட சொல் அது. இந்து சமயத்தில் பீடாதிபதி என்றால் மடத்தின் தலைவர். பல்கலைக்கழகத்தில் மட்டும் பீடம் என்றால் கலைப்பீடம், விஞ்ஞானபீடம், பொறியியற்பீடம். ஒரே சொல் மூன்று வீட்டில் மூன்று வேலை செய்கிறது.

அதைவிட ஒரு வேடிக்கையைப் பிறகுதான் உணர்ந்தேன். பேராலயத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள கதீட்ரல் என்ற பெயர், இருக்கை என்று பொருள்படும் ‘கதெட்ரா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆயரின் இருக்கை அங்கே இருப்பதால்தான் அது கதீட்ரல். பீடம் என்ற வடமொழிச் சொல்லுக்கும் இருக்கை என்பதே முதற்பொருள். அப்படியானால் சொல்லுக்குச் சொல் பார்த்தால் பேராலயத்தின் பீடாதிபதி ஆயர்தான். அந்த இருக்கையில் உட்காராமல் பக்கத்தில் நிற்பவர்தான் டீன். என் மொழிபெயர்ப்பு அவரை அப்படியே ஆயரின் நாற்காலியில் தூக்கி வைத்துவிட்டது.

பல்கலைக்கழகத்துக்கு இந்தச் சொல் போனது கோயில் வழியாகத்தான். ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்கள் பல பேராலயப் பள்ளிகளின் நிழலில் வளர்ந்தவை. கற்பித்தவர்களில் பெரும்பாலோர் குருக்கள். அவர்கள் கையில் இருந்த பதவிப் பெயர்கள் கோயில் பெயர்கள்தான். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய மேற்பீடங்களுக்கு டீன் தலைமை தாங்கினார். கலைப்பீடத்துக்கு ரெக்டர். இறையியலில் டீன் என்பவர் ஆசிரியர்களில் மூத்தவர். அதனால்தான் பிரெஞ்சு மொழியில் ‘துவாயென்’ என்ற சொல்லுக்கு டீன் என்ற பொருளும் உண்டு, எல்லாரிலும் வயதில் மூத்தவர் என்ற பொருளும் உண்டு. தூதுவர்களில் மூத்தவரை டீன் என்று அழைப்பதும் இந்தக் கிளையிலிருந்து வந்ததே. கோயில், பல்கலைக்கழகம் இரண்டும் இன்னும் பிரியாமல் ஒட்டிக்கிடக்கும் இடம் ஒன்றைப் பார்க்கவேண்டும் என்றால் ஒக்ஸ்போட்டில் கிறைஸ்ட் சேர்ச் இருக்கிறது. எட்டாம் ஹென்றி மன்னர் 1546இல் அமைத்தது. அதன் தேவாலயம் கல்லூரிக்கும் சொந்தம், மறைமாவட்டத்துக்கும் அதுவே பேராலயம். இரண்டுக்கும் தலைவர் ஒரே டீன். தம்பியின் குழப்பம் அங்கே ஒரே ஆளாக நடமாடுகிறது.

நம் பேராதனைக்கு வருவோம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி, 1952இல் பேராதனைக்கு வந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ் பிரித்தானியப் பதவிப் பெயர்களை அப்படியே நட்டுவிட்டார். தேயிலைக் கன்று மாதிரி அவையும் இந்த மண்ணில் பிடித்துக்கொண்டன. இன்று நடைமுறையில் இருப்பது 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம். வேந்தர் பதவி விழாச் சிறப்புக்கு உரியது. நிர்வாகத்தின் உச்சியில் துணைவேந்தர். ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு பீடாதிபதி. அவரைப் பீடச்சபை தன் ஆட்களிலிருந்தே தெரிவு செய்கிறது. மூன்று ஆண்டு முடிந்ததும், மறுபடி தெரிவாகாவிட்டால், பழைய விரிவுரை மண்டபத்துக்குத் திரும்புகிறார். நேற்றுவரை அவருடைய கையொப்பத்துக்காகக் காத்து நின்ற சக ஆசிரியர் நாளை அதே நாற்காலியில் இருப்பார். பெனடிக்ட் பார்த்தால் தலையாட்டுவார். அதிபதி என்ற கனத்த சொல்தான் இதை மறைக்கிறது. அதைக் கேட்டதும் நமக்கு அரசன், எசமான், பெரிய துரை என்றெல்லாம் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் சில பல்கலைக்கழகங்கள் ‘புலமுதல்வர்’ என்கின்றன, சில ‘முதன்மையர்’ என்கின்றன. எனக்கு முதன்மையர் பிடித்திருக்கிறது. வரிசையில் நிற்பவர்களில் முதல் ஆள் என்ற பொருள் அதில் கேட்கிறது. ஆனால் இலங்கையில் பீடாதிபதி வேரூன்றிவிட்டது, சிங்களத்திலும் அதே சொல். என் ஒருவனுடைய விருப்பத்துக்காக யாரும் பெயர்ப்பலகையைக் கழற்றப்போவதில்லை. தமிழ்நாட்டுச் செய்திகளில் ‘மருத்துவமனை டீன்’ என்று வந்தால் அது அரசு மருத்துவக் கல்லூரிக்கும் அதைச் சேர்ந்த மருத்துவமனைக்கும் தலைவர். நம் நாட்டில் வைத்தியசாலைக்குப் பணிப்பாளர், மருத்துவபீடத்துக்குப் பீடாதிபதி என்று இரண்டு வேறு ஆட்கள்.

இனி உங்கள் பங்குத்தந்தை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, அருகருகே உள்ள சில பங்குகளைச் சேர்த்து ஒரு வட்டமாக்கி, அதற்கு ஒரு குருவைப் பொறுப்பாக வைக்க இடமளிக்கிறது. அவரை டீன் என்றும் அழைப்பதுண்டு. இலங்கையில் நாம் சொல்வது மறைக்கோட்ட முதல்வர். தமிழ்நாட்டில் மறைவட்ட அதிபர். அந்த வட்டத்தில் பணிசெய்யும் குருக்களிடம் கருத்துக் கேட்டு ஆயர் நியமிக்கிறார். கோயில் சபைத் தலைவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவர் அறிவித்த தோரணைக்கும் வேலைக்கும் பொருத்தம் குறைவு. சட்டம் 555இல் அவருடைய கடமைகளைப் படித்தால் நெஞ்சு இளகும். பக்கத்துப் பங்குக் குரு கடும் நோயில் விழுந்தால் அவருக்கு ஆன்மிக உதவியும் பொருளுதவியும் கிடைக்கச் செய்யவேண்டும். இறந்தால் தகுந்த முறையில் அடக்கம் நடக்கவேண்டும். அந்த நேரத்தில் கோயில் பதிவேடுகளும் திருப்பொருட்களும் தொலைந்துபோகாமல் பார்க்கவேண்டும். பதிவேடு என்பது லேசான விஷயமல்ல. என் பாட்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அவருக்கு என்ன வயது என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியவந்ததே ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்த ஒரே ஒரு வரியால்தான். கறையான் அரித்த அந்தப் புத்தகத்தை யாரோ ஒரு பழைய டீன் துணியில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்திருக்கிறார்.

தொலைக்காட்சியில் பார்த்தவர் கர்தினால் ஜொவான்னி பத்திஸ்தா ரே. கர்தினால்கள் குழுவின் டீன். 2025 ஏப்ரல் 26ஆம் தேதி போப் பிரான்சிசின் அடக்கத் திருப்பலியை நடத்தியபோது அவருக்கு வயது 91. அந்தப் பதவியைப் பற்றிச் சட்டம் சொல்வது, அவர் சமமானவர்களில் முதல்வர், மற்றக் கர்தினால்கள்மேல் அவருக்கு ஆட்சி அதிகாரம் கிடையாது என்பது. அதற்கு அந்த ஆண்டே நல்ல சாட்சி. புதிய போப்பைத் தெரிவு செய்ய மே 7ஆம் தேதி கர்தினால்கள் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் போனபோது, எண்பது வயதைக் கடந்தவர் என்பதால் டீன் வெளியில் நின்றுவிட்டார். உலகமே பார்க்கத் திருப்பலி நடத்தியவருக்கு ஒரு வாக்குச்சீட்டு இல்லை. உள்ளே கர்தினால் பரோலின் தலைமை தாங்கினார்.

சில பிழையான விளக்கங்களையும் துடைத்துவிடுகிறேன். கேள்வியின் கீழேயே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். டீக்கன் என்ற சொல்லிலிருந்து டீன் வந்தது என்பது ஒன்று. இல்லை. திருத்தொண்டரைக் குறிக்கும் டீக்கன், பணிசெய்பவர் என்ற பொருளுள்ள ‘தியாக்கொனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கிறது, வேர் வேறு. தசமபாகம் வசூலித்தவர் என்பதால் டீன் என்பது இன்னொன்று. இலத்தீனில் தசமபாகத்துக்கும் அதே பத்துதான் வேர். ஆகவே இரண்டும் ஒரு பாட்டனின் பேரப்பிள்ளைகள். ஆனால் ஒன்றிலிருந்து மற்றது பிறக்கவில்லை. மார்க்கத்தைக் குறிக்கும் ‘தீன்’ என்ற அரபுச் சொல்லோடு முடிச்சுப்போட்டு ஒரு நண்பர் என்னிடம் வாதாடியதுண்டு. தேநீர் நன்றாக இருந்தது, வாதம் நிற்கவில்லை.

உண்மையான உறவு நாம் தேடாத இடத்தில் இருக்கிறது. சாதகம் கணிப்பவரிடம் ‘திரேக்காணம்’ என்றால் என்ன என்று கேளுங்கள். ஒரு ராசிக்கு முப்பது பாகை. அதை மூன்றாகப் பிரித்தால் பத்துப் பத்துப் பாகை. அந்தப் பத்துப் பாகைத் துண்டுதான் திரேக்காணம். பன்னிரண்டு ராசிக்கும் சேர்த்து முப்பத்தாறு. எகிப்தியக் குருமார் ஆண்டைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்துப் பார்த்த முப்பத்தாறு விண்மீன் கூட்டங்களுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் ‘தெக்கனோஸ்’. ஓரை, கேந்திரம் முதலிய கிரேக்கச் சோதிடச் சொற்கள் வடமொழிக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்து, திரேக்காணமாகி, தமிழ்ப் பஞ்சாங்கத்துக்குள் புகுந்துவிட்டது. இந்தக் கிரேக்கச் சொல்லுக்கும் பட்டாளத்து இலத்தீன் சொல்லுக்கும் யார் யாருக்குக் கடன் கொடுத்தார் என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. இரண்டும் பத்து என்ற ஒரே மரத்தின் கிளைகள் என்பதில் சண்டை இல்லை. ஆக, டீன் என்ற ஆங்கிலச் சொல்லை வெள்ளைக்காரன் கொண்டுவருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே அதன் உடன்பிறப்பு நம் சாதகக் கட்டத்துக்குள் குடியிருந்திருக்கிறது.

யார் பெரியவர் என்ற கேள்விக்கு, இவர்கள் ஒரே ஏணியில் நிற்பவர்கள் அல்லர் என்றுதான் சொல்லமுடியும். கர்தினால்கள் குழுவின் டீனுக்குப் பேராதனையில் ஒரு விடைத்தாளைத் திருத்த உரிமையில்லை. கலைப்பீடாதிபதிக்குப் பூசைவைக்க உரிமையில்லை. மறைக்கோட்ட முதல்வர் அடுத்த மறைக்கோட்டத்துக்குப் போனால் விருந்தாளி.

கடைசியாக அக்காவின் கடிதம். அவசரமான காரியம் அதுதான். மச்சான் சொன்னது பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தும், பத்தனைக்குப் பொருந்தாது. கல்வியியற் கல்லூரிகளின் தலைவரைத் தமிழிலும் சிங்களத்திலும் பீடாதிபதி என்கிறோம். ஆங்கிலத்தில் அந்தப் பதவியின் பெயர் டீன் அல்ல, பிரசிடென்ட். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது பலர் இந்தக் குழியில் விழுகிறார்கள்; நானே அப்படி வந்த கடிதங்களைத் திருத்தியிருக்கிறேன். அக்கா தமிழிலேயே எழுதலாம், ‘பீடாதிபதி அவர்கட்கு’ என்று தொடங்கினால் போதும். ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்றால் பிரசிடென்ட் என்று போடச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதத்தில் உள்ள இலக்கத்தை மேலே குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற் கந்தோரில் தரும் துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். மழைக்காலத்தில் தோட்டத்துத் தபால் வந்து சேர இரண்டு மூன்று நாள் கூடப் பிடிக்கும். நாளைக்கே அனுப்புவது நல்லது.